சன்னலில் மண் தெரிய வேண்டும்

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தைக் கோடையில் காரில் கடப்பதற்குத் திட்டம் போட யாங்கோனுக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடிலெய்டில் என்னைத் தெரிந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். கோடையில் அந்தப் பக்கம் போவதே பைத்தியக்காரத்தனம், அதற்கு பர்மா வரைக்கும் வேறு போக வேண்டுமா என்றார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. நான் பத்து நிமிஷம் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிற மனுஷர் அவர். "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் இதுதான். பவானி யாங்கோனில் பிறந்த தமிழ்ப் பெண். அடிலெய்டுக்குப் படிக்க வந்தபோது எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தாள். படிப்பு முடிந்ததும் பாலைவனத்துக்கு நடுவே ஒரு வழிவிடுதியில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். பெட்ரோல், சாப்பாடு, படுக்க நாலு தகர அறை, அவ்வளவுதான் அந்த ஊரே. அங்கே பஸ் போகாது, விமானம் போகாது. கோடையில் முதலாளிகள் கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். இடத்தைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு, ஒரு நாள்கூட நகர முடியாது. யாங்கோனுக்கு வரவும் முடியாது. அங்கே படைக்கு ஆள் எடுக்கிற வயசில் இருக்கிறாள். வந்தால் திரும்பப் போக விடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. பெற்றவர்கள் அவளை நேரில் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது.

இப்போது அவர்கள் இருவருக்கும் விசா கிடைத்துவிட்டது. ஆனால் பிப்ரவரியோடு முடிகிற விசா. ஆகவே கோடையில்தான் போக வேண்டும், காரில்தான் போக வேண்டும். நான் மட்டும் ஓட்டினால் நடக்காது. என் வலது முழங்கால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது; தங்க இடமே இல்லாத நடுவழியில் நின்றுவிடுவோம். என் கணவருக்கு முதுகுவலி. மாற்றி ஓட்ட ஓர் ஆள் வேண்டும். பவானியின் அப்பா மணி ஆயுசு முழுக்க டிரைவர். "நா ஓட்டாத ரோடா அக்கா" என்று போனில் சொன்னார். அதற்குள் அவர்கள் பக்கம் கரண்ட் போய், லைனும் போய்விட்டது. இது போனில் பேசித் தீர்கிற காரியம் இல்லை, அவர் ஓட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், எங்காவது கிளம்ப எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். மணி கட்டம் போட்ட லோஞ்சியில், நம் கைலி மாதிரிதான் அது, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மனைவி மா சான் கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசி, என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர், அம்மா பர்மியர். தமிழ் எல்லாம் புரியும், பேச்சு மட்டும் துண்டு துண்டாக வரும். "அக்கா. மெலிஞ்சி போச்சி" என்றாள். போட்டோவில் பார்த்ததை வைத்துச் சொல்கிறாள். நான் மெலியவெல்லாம் இல்லை.

வண்டி ஒரு பழைய ஜப்பானிய ஸ்டேஷன் வேகன். மணி அதைத்தான் டாக்சியாக ஓட்டுகிறார். நான் வழக்கம்போல முன்னால் இடப்பக்கக் கதவைத் திறக்கப் போனேன். மா சான் எனக்கு முன்னால் போய் அங்கே நின்றுகொண்டாள். "அக்கா பின்னாடி. நல்லா இருக்கும்." விருந்தாளியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முன்னால் உட்காருகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்டீரிங் எங்கள் ஊர் மாதிரியே வலப்பக்கம் இருந்தது. நிம்மதியாகச் சாய்ந்தேன். வெளி ரோட்டில் திரும்பியதும் வண்டி வலப்பக்கமாகப் போக ஆரம்பித்தது. என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. மணி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். இந்த நாட்டில் ரோடு எப்போதோ வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. கார்கள் மட்டும் ஜப்பானிலிருந்து பழசாக, வலப்பக்க ஸ்டீரிங்கோடு வந்து சேர்ந்தன. அதனால் டிரைவர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகுதான் அவருக்குத் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

இது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம், வழி முழுக்க மா சான் புருஷனை அதட்டிக்கொண்டே வந்ததுதான். "லா நே தே" என்பாள், அவர் அடங்கிப் பின்னால் போவார். "யாப்பி" என்பாள், அவர் சட்டென்று லாரியைத் தாண்டுவார். நான் ஓட்டும்போது என் கணவர் ஒரு வார்த்தை சொன்னால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். இந்த மனுஷர் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாரோ என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மோஹிங்கா. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே வாழைத்தண்டு, பொரித்த பருப்பு. முதல் கிண்ணம் முடிவதற்குள் மா சான் இரண்டாவதை வைத்துவிட்டாள். மிங்கலா தாங்ஞுன்ட்டில் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. ரயில் போகும்போது அலமாரியில் தட்டுகள் ஆடும். தரையில் நான் வரைபடத்தை விரித்தேன். அடிலெய்டிலிருந்து வடக்கே ஒற்றைக் கோடாகப் போகும் ரோட்டைக் காட்டினேன்.

"நடுவுல எத்தனை ஊரு அக்கா?" என்று கேட்டார் மணி.

"ஊரா? பெட்ரோல் போடுற இடம்தான். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் இருநூத்தம்பது கிலோமீட்டர் இருக்கும்."

மா சான் பர்மியத்தில் ஏதோ கேட்டாள். மணி சொன்னார்: "நடுவுல லபெயே கடை இருக்குமான்னு கேக்குறா. டீக்கடை."

"இல்ல."

"தண்ணிப் பானை?"

யாங்கோனில் தெருவுக்குத் தெரு யாரோ புண்ணியத்துக்குத் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு குவளை கவிழ்த்திருக்கும். எங்கள் பாலைவனத்தில் அதெல்லாம் இல்லை, ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் நாமே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகரக் கூடாது, நிழல் அது ஒன்றுதான் என்று விளக்கினேன். விடிவதற்கு முன்னால் கிளம்பி மதியத்துக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும். எதிரே மூன்று பெட்டி கோத்த லாரி வரும். அவன் நமக்காக நிறுத்த மாட்டான், நினைத்தாலும் அவனால் முடியாது.

மா சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "லபெ கொண்டு போலாமா?" ஊறவைத்த தேயிலை. பவானிக்கு அது என்றால் உயிர். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாக்கெட் போட்டதாக வாங்கி, கேட்டால் காட்டிவிடலாம் என்றேன்.

அப்போதுதான் என் கணவர் கூப்பிட்டார். "கார் சாவி எங்கே?"

கைப்பையைத் துழாவினேன். சாவி என்னோடு இருந்தது. இன்னொரு சாவியைப் போன வருஷம் கடற்கரையில் தொலைத்தவளும் நான்தான். "ரங்கூன்ல இருக்கு" என்றேன். "சரி, நடந்தே போறேன்" என்று வைத்துவிட்டார்.

மா சானுக்கோ ஒரே சந்தோஷம். சாவியை என் கையிலிருந்து வாங்கி சாமி மாடத்தில் முருகனுக்கும் புத்தருக்கும் நடுவில் வைத்தாள். நெடும் பயணம் போகிற வண்டி முதலில் ரோட்டோர ஆலமரத்தில் இருக்கிற நாட் என்கிற காவல் தெய்வத்துக்கு வணக்கம் போட வேண்டுமாம். வண்டி அடிலெய்டில் நிற்கிறதே, எப்படி என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாளாம். இப்போது சாவி வந்துவிட்டது.

மதியம் கரண்ட் வந்த நேரத்தில் பவானி வீடியோவில் வந்தாள். பின்னால் தகரச் சுவர், அதற்குப் பின்னால் சிவப்பாக ஒன்றுமேயில்லாத வெளி. "ஆண்ட்டி, ஜனவரியில ஸ்டீரிங்கைத் தொட முடியாது, கை வெந்துடும். அம்மாவைக் கூட்டிட்டு வராதீங்க" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். பிறகு அம்மாவிடம் பர்மியத்தில் பேசினாள். மா சான் திரையில் மகளின் நெற்றியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். படம் உறைந்து நின்ற பிறகும் தடவினாள்.

மூன்றாம் நாள் மணியின் ஓட்டத்தைப் பரீட்சை பார்க்க மாவ்பி பக்கம் கிளம்பினோம். அங்கே வீடு கட்டுவதற்கு மனை பிரித்து, தார் ரோடெல்லாம் போட்டு, அப்படியே விட்டுவிட்ட ஒரு இடம். காவல்காரர் மணிக்குத் தெரிந்தவர். கேட்டுக்கு உள்ளே ஆஸ்திரேலியா, வெளியே பர்மா என்று பேசிக்கொண்டோம். உள்ளே போனால் இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும்.

வழியில் பெட்ரோல் வரிசையில் நின்றபோது மணி பழைய கதை சொன்னார். முதலில் அவர் லைன் காரில் டிரைவர், அதாவது டவுன் பஸ். அந்த பஸ்களுக்கு ஸ்பேர் என்று ஒரு ஆள் உண்டு. டிக்கெட்டும் கொடுப்பான், இடப்பக்கம் தொங்கிக்கொண்டு வழியும் சொல்வான். ஒரு நாள் ஸ்பேர் வரவில்லை. அவனுடைய தங்கை வந்து நின்றாள்.

"அவதான் இவ" என்றார். "நம்ம ரோட்டுல சயாவுக்கு ஒரு கண்ணுதாக்கா. இன்னொரு கண்ணு ஸ்பேர் கிட்ட. 'லா நே தே'ன்னா எதிர வண்டி வருது, 'யாப்பி'ன்னா சரி, போலாம். நாப்பது வருசமா இவ சொல்லாம நா ஒரு லாரியத் தாண்டுனதில்ல."

டிரைவர்களை இங்கே சயா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். முன் சீட்டில் மா சான் திரும்பிப் பார்க்காமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள். முதல் நாள் அவளைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆலமரம் வந்தது. அடியில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டின சின்ன மாடம். எங்களுக்கு முன்னால் ஒரு புது லாரி மூன்று தடவை முன்னால் வந்து பின்னால் போய் கும்பிட்டது. அடுத்து மா சான் இறங்கி என் சாவியைக் கல்மேடையில் வைத்து, மூன்று தடவை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தாள். லாரிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். "உங்க கார் ரொம்பச் சின்னதா இருக்கே" என்று அவர் சொன்னதாக மணி மொழிபெயர்த்தார். மா சான் சாவிக்கு மல்லிகைச் சரம் கட்டி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கேட்டுக்கு உள்ளே போனதும் மணி ஒழுங்காக இடப்பக்கம் ஒதுங்கினார். காவல்காரர் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டியில் எதிரே வந்து, லாரியாக நடித்தார். அவரையும் இடப்பக்கம் ஓட்டச் சொல்லியிருந்தோம். முதல் அரை மணி பழுதில்லை. மணியின் கை பதமாக இருந்தது. வளைவில் வண்டி குலுங்கவே இல்லை. எனக்கு மனசுக்குள் கார் ஏற்கெனவே சிவப்பு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

மர நிழலில் நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து டீயும் சமூசாவும். மறுபடி ஏறினோம். மா சான் முன்னால் எட்டிப் பார்த்து "யாப்பி" என்றாள். மணி கிளம்பினார். நான் பின்னால் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது மூன்று சக்கர வண்டி நேர் எதிரே வந்துகொண்டிருந்தது. பிரேக் அலறியது. அந்த முன் சக்கரத்துக்கும் எங்களுக்கும் ஒரு முழம்கூட இல்லை.

டீ குடித்துவிட்டு மணி வலப்பக்கமாக ஏறியிருக்கிறார். தவறி ஏறியது பெரிதில்லை. ஒருவர் தவறினால் மற்றவர் சொல்லுவார் என்றுதானே இரண்டு பேர். இங்கே இரண்டு பேருக்குமே அது தப்பாகத் தோன்றவில்லை. ஸ்டீரிங் அதே இடத்தில் இருக்கிறது, மா சான் சன்னலில் ரோடு தெரிகிறது, எல்லாம் நாற்பது வருஷமாகப் பார்த்தபடியே இருக்கிறது. இடப்பக்க ஸ்டீரிங்கில் ஓட்டிப் பழகினவன் எங்கள் ஊருக்கு வந்தால், சீட்டு மாறினதே அவனை நாள் முழுக்க எச்சரித்துக்கொண்டிருக்கும். இவர்களை எச்சரிக்க ஒன்றுமே இல்லை. ஆளில்லாத ரோட்டில் நூறு கிலோமீட்டர் வலப்பக்கமாகவே போவார்கள், முதலில் வருவது மூன்று பெட்டி லாரியாக இருக்கும்.

கோபம் வந்தால் எனக்கு வார்த்தை நிற்காது. "மணி, இந்தப் பயணம் வேண்டாம். நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். பவானி கிட்ட நானே சொல்லிடறேன்" என்றேன்.

மணி ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மா சான் கதவைத் திறந்து இறங்கி, கேட்டை நோக்கி நடந்தாள். நாங்கள் வண்டியை மெதுவாக அவள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனோம். கேட்டுக்கு வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் "லா நே தே", "யாப்பி" தவிர ஒரு சொல் பேசவில்லை.

நாலாம் நாள் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ரயில் பாதை ஓரமாக நடந்தேன், சந்தைக்குள் புகுந்து வந்தேன், தோசைக் கடையில் நின்றுகொண்டே தின்றேன். தோசையை இங்கே சர்க்கரை தூவியும் தருகிறார்கள். அதைக்கூட ரசிக்கிற மனசில்லை. டீக்கடையில் மணியின் கூட்டாளிகள் என்னைக் கண்டதும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மணி ஐயா, அவர்கள் பாஷையில் ஊ மணி, கங்காருவைத் தாண்டி ஓட்டப் போகிறாராம், கங்காருவுக்கு ஸ்பேர் உண்டா என்று கேட்கிறார்களாம். மணி அவர்களோடு சேர்ந்து சிரித்தார். போகப் போவதில்லை என்று அவர்களிடம் அவர் சொல்லவில்லை.

மத்தியானம் மா சான் கடைக்குக் கொடுப்பதற்காகப் பயாஜோ சுட்டுக்கொண்டிருந்தாள். நம் மசால் வடைதான் அது. அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையைக் கழுவி, என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள். நிறுத்தியிருந்த வண்டியின் முன் இடப்பக்கக் கதவைத் திறந்து, அவளுடைய இடத்தில் என்னை உட்கார வைத்தாள்.

"அக்கா ஊரு. இங்க உக்காந்தா, சன்னல்ல என்னா தெரியும்?"

"மண்ணு. செவப்பு மண்ணு. பொதரு. சில எடத்துல வேலி."

"வண்டி?"

"வண்டி அந்தப் பக்கம். டிரைவர் பக்கம்."

"இந்தப் பக்கம் எப்பயும் வராது?"

"வரவே வராது. வந்தா செத்தோம்."

அவள் கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே தெரு நாயும் சைக்கிள் ரிக்‌ஷாவும் போய்க்கொண்டிருந்தன. "நா வண்டி பாக்குற ஆளு" என்றாள். "அங்க வண்டி பாக்கக் கூடாது. மண்ணு பாக்கணும்." அப்புறம் மாடியை அண்ணாந்து "கோ மணி!" என்று புருஷனைக் கத்திக் கூப்பிட்டாள். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மறுபடி மாவ்பி. அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பர்மியச் சொல் காதில் விழுந்தால் மணியின் கை பழைய பக்கம் போகும் என்று, கேட்டுக்கு உள்ளே தமிழில்தான் சொல்லுவேன் என்றாள். தமிழில் இரண்டே சொல். சன்னலில் மண் தெரிகிற வரைக்கும் "மண்ணு, மண்ணு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். குரல் நின்றால் மணி நிறுத்த வேண்டும். சன்னலில் ரோடு தெரியும்போது எதிரே வண்டி வந்தால் "வண்டி!", உடனே இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். எதிர்வண்டி தூரத்தில் இருக்கும்போதே அது கேட்டாக வேண்டும்.

நாள் முழுக்க அதையே செய்தோம். நிறுத்துவது, இறங்குவது, டீ குடிப்பது, ஏறுவது, கிளம்புவது. டீதான் அவர்களை ஏமாற்றியது என்பதால் எனக்கு டீயே வெறுத்துப்போகிற அளவுக்குக் குடித்தோம். காலையில் இரண்டு தடவை மணி வலப்பக்கம் ஏறினார். ஒரு தடவை அவள் "மண்ணு" என்று தொடங்கி, சன்னலில் ரோடு தெரிந்ததும் குரலை நிறுத்தினாள், வண்டியும் நின்றது. இன்னொரு தடவை, தூரத்தில் மூன்று சக்கர வண்டி தலை காட்டியதுமே "வண்டி!" என்று அவள் போட்ட கூச்சலில் காவல்காரர் தன் வண்டியை விட்டே இறங்கிவிட்டார். மணி அதற்குள் இடப்பக்கம் போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் கை இடது பக்கம் போயிற்று.

அறுபதை நெருங்கின வயதில் கண்ணையும் கையையும் திருப்பி வைக்கிற இரண்டு பேரைப் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. "போலாம் மணி" என்றேன். "பொங்கல் முடிஞ்சதும் வாங்க." மா சான் பின்னால் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாள். வலிக்கிற முழங்கால். சொல்லவில்லை.

ஆறாம் நாள் பவானிக்கு லபெ வாங்கச் சந்தைக்குப் போனோம். திரும்பும்போது மா சான் மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மகளைப் பற்றி என்னிடம் தமிழில் பேசிக்கொண்டு வந்தாள். அவ்வளவு தமிழ் அவள் பேசி நான் கேட்டதில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. அவள் பக்கம்தான் வந்தது. யாங்கோனில் அப்படித்தானே வர வேண்டும்.

"வண்டி!" என்று அலறினாள்.

மணி இடப்பக்கம் ஒடித்தார். நேராக பஸ்ஸை நோக்கி.

பஸ்காரர் கெட்டிக்காரர். எங்கள் கதவைக் கையால் தொடுகிற தூரத்தில் நிறுத்தினார். சன்னல் வழியாக அவர் சொன்னதை மணி மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. மா சான் மடியிலிருந்த பொட்டலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி எப்படியோ வண்டியை ஓரம் சேர்த்து, இறங்கி நின்று, நெற்றியைத் துடைத்தார்.

அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் சிரித்தார். "ஏறிருச்சிக்கா. ஒடம்புல ஏறிருச்சி."

"ஏறினது சரி. பொங்கல் வரைக்கும் இங்க டாக்சி ஓட்டணுமே?" என்றேன். "இங்க ஓட்டினா அது மறந்துடும். அதை வெச்சுக்கிட்டு இங்க ஓட்டினா ஆளே இருக்க மாட்டீங்க."

கணவனும் மனைவியும் பர்மியத்தில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் விவாதம் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மணி அங்கிருந்தே டீக்கடைக் கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டார். அவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தார். மணி அவர் கையில் டாக்சி சாவியைக் கொடுத்தார்.

"திரும்பி வர்ற வரைக்கும் அவன் ஓட்டட்டும்" என்றார் என்னிடம்.

"சாப்பாட்டுக்கு?"

"பயாஜோ இருக்கு" என்றாள் மா சான். "நெறைய சுடுவேன்."

மிச்ச தூரம் நடந்தே போனோம். வண்டி இல்லாமல் மணிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை; லோஞ்சி முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் என்னை விமான நிலையத்தில் விட பஸ்ஸில் வந்தார்கள். இப்போதைய டவுன் பஸ்களில் ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கிறது. டிரைவருக்கு எதிரே வருவது அவர் கண்ணுக்கே தெரியும். ஸ்பேர் என்று யாரும் கிடையாது. இடப்பக்கம் இரண்டு இடம்தான் காலியாக இருந்தது. என் காலை நீட்ட வேண்டும் என்று மா சான் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மணி எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ரோட்டைப் பார்க்காமல் பஸ் தரையைப் பார்த்தபடி. பூக்கட்டின என் சாவியை மா சான் என்னிடமிருந்து வாங்கிக் கையில் வைத்திருந்தாள்.

பஸ் கிளம்பி ஒரு லாரி அவள் சன்னலை உரசுவது போலக் கடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

"என்ன, தலைவலியா?"

"இல்ல அக்கா. பாத்தா மறுபடி பழகிரும்."

அதற்கப்புறம் நான் அசையவில்லை. முழங்கால் மரத்துப்போயிற்று, மாற்றி வைக்கவில்லை. என் கணவர் பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். வண்டிகள் அந்த மூடின கண்ணுக்கு நேரே ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன. ஒவ்வொன்றின் சத்தத்துக்கும் அவள் இமை துடித்தது, திறக்கவில்லை. மிங்கலாடோன் நெருங்கும்போது அப்படியே என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, வண்டி நெறைய வருதா?"

"நெறைய வருது."

"நா பாக்கல" என்றாள், பெருமையாக.